தனக்கும் ஆதாயம் இருந்தால் அது நற்செயலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி, ஊருக்கு நல்லது செய்த சிலரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். பெயர்களை முடிவு செய்ய உட்காரும்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவர், "அதில் அவருக்கு ஆதாயம் இல்லாமலா செய்தார்?" என்று கேட்டுவிடுவார். வயிற்றெரிச்சலில் கேட்பவர்கள் குறைவு. உண்மையாகவே குழம்பிக் கேட்பவர்கள்தாம் அதிகம். பதில் சொல்லிச் சொல்லி, முழுதாக எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சுவழக்கை மட்டும் எழுத்துநடைக்கு மாற்றியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, வட்டத்தின் தீர்மானங்கள் அல்ல.

தனக்கு ஆதாயம் கிடைக்கிற வேலையைத்தானே அவர் செய்தார்? அதற்கு எதற்குப் பாராட்டு?

எங்கள் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது ஒரு விவசாயி முறையாக அனுமதி வாங்கி, வண்டல் மண்ணை அள்ளித் தன் வயலில் கொட்டுகிறார். வயலுக்குச் சத்து சேர்கிறது; அவருக்கு உரச் செலவு குறைகிறது. கண்மாயிலோ தூர் குறைந்து, அடுத்த மழைக்குக் கூடுதல் தண்ணீர் நிற்கிறது. அதில், கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் முழுவதற்கும் பங்கு உண்டு. அவர் வயலுக்கு உரம் கிடைத்தது என்பதால் கண்மாயில் நிற்கும் தண்ணீர் ஒரு குடமாவது குறைந்துவிடுமா?

இதே ஆதாயம் ஊரில் நிலம் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் காத்துக்கொண்டுதான் இருந்தது. தாலுகா அலுவலகத்துக்கு நடந்து, டிராக்டர் பிடித்து, வெயிலில் நின்றவர் அவர் ஒருவர்தாம். பழைய குடிமராமத்தும் இந்த வகைதான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்தினார்கள், மடையைச் சரிசெய்தார்கள், வரத்துக்கால் வெட்டினார்கள். தண்ணீர் தங்கள் வயலுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் செய்தார்கள். அதனால் அந்த உழைப்பு தாழ்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் லாபம் பார்க்கிற எல்லாரையும் மேடையில் ஏற்றிவிடலாமா, சார்?

கூடாது. ஒரு பெயர் வந்தால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அவருக்குக் கிடைத்த ஆதாயத்துக்கு விலை கொடுத்தது யார்? அந்த ஆதாயம் நின்றபோது, அல்லது குறைந்தபோது, அவர் செய்துகொண்டிருந்த நல்லது என்ன ஆயிற்று?

மறுபடியும் அதே கண்மாய்தான். "ஊருக்காக இலவசமாகத் தூர்வாரித் தருகிறேன்" என்று மண் அள்ளும் இயந்திரத்தோடு வருகிறார் இன்னொருவர். சவுடு மண் லாரி லாரியாக வெளியே போகிறது. மண் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் மட்டும் கிடங்கு கிடங்காகத் தோண்டுகிறார். மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது வயலுக்குப் பாயாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும். மேய்ச்சலுக்குப் போன மாடும் குளிக்கப் போன பிள்ளையும் அந்தக் கிடங்கில் சிக்கினால் அந்த விலையையும் ஊர்தான் கொடுக்க வேண்டும். விவசாயிக்கும் மண் கிடைத்தது, இவருக்கும் மண் கிடைத்தது. முதலாமவரின் ஆதாயம் கண்மாய் ஆழமானதால் வந்தது. இவருடையது கண்மாய் கெட்டதால் வந்தது. ஆதாயம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடுவோம்.

கைம்மாறு வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே! அதற்கு மேல் என்ன பேச்சு?

சொன்னார். "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று மழையைக் காட்டினார் (குறள் 211). ஆனால் அதே வள்ளுவர், அதற்குச் சற்றுத் தள்ளி, "ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு" (231) என்கிறார். கொடுப்பதால் வரும் புகழை ஊதியம் என்றே சொல்கிறார். "ஈத்துவக்கும் இன்பம்" (228) என்று கொடுக்கிறவருக்குள் எழும் மகிழ்ச்சியையும் எடுத்துக்காட்டி, அதை அறியாமல் பொருளைப் பூட்டி வைத்து இழப்பவர்களுக்காக இரங்குகிறார்.

இரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறுவதைத்தான் அவர் விலக்குகிறார். மழை உலகத்திடம் எதையும் கேட்டு நிற்பதில்லை. மனநிறைவும் நல்ல பெயரும் வாங்கியவருடைய கையிலிருந்து பிடுங்கப்படுவதில்லை. மேலே சொன்ன முதல் கேள்வியை நான் எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான்.

மொய் செய்வது நற்செயலில் சேருமா?

இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று அளந்து கொடுப்பது என்கிறது குறள் 221. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதிவைத்து, அடுத்த வீட்டு விசேஷத்தில் அதைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை என்று இதை எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்பது தெரிந்ததே. வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும் நல்ல ஏற்பாடு அது; தருமம் என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்பிச் செய்ய வழியே இல்லாத வீட்டுக்குப் போய், நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறவர் தனி.

கோயிலில் ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு "உபயம்" என்று பெயரை எழுதிக்கொள்கிறார்களே, அது விளம்பரம்தானே?

பெயருக்கு ஆசைப்படுவதைக் குற்றமாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. புறநானூற்றில் 182ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு பாண்டியர், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. தமக்கென முயலாமல் பிறர்க்கென முயல்பவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் நிலைத்திருக்கிறது என்று பாடும் அதே பாட்டில், அவர்கள் "புகழெனின் உயிரும் கொடுக்குவர்" என்றும் சொல்கிறார். புகழை விரும்புவதும் பிறர்க்காக உழைப்பதும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் எழுதுவதில் ஊருக்கு ஒரு பயனும் உண்டு. பழைய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். நந்தா விளக்கு எரிக்க இன்னார் இத்தனை ஆடுகள் கொடுத்தார், அவற்றை இன்னார் பொறுப்பேற்று இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்று வெட்டியிருப்பார்கள். "சாவா மூவாப் பேராடு" என்பார்கள் அந்த ஆடுகளை. மந்தை குறையாமல் காப்பது பொறுப்பேற்றவர் கடமை. பெயரும் கணக்கும் கல்லில் இருந்ததால், விளக்கு எரியவில்லையென்றால் போய்க் கேட்க முடிந்தது. பெயரில்லாத கொடைக்குப் பின்னாளில் பொறுப்பேற்கவும் ஆளில்லாமல் போகலாம்.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்களே?

உயர்ந்த சொல்தான். பைபிளில் இருக்கிறது. குர்ஆன் இதை இரண்டு படியாகவே வைக்கிறது: வெளிப்படையாகக் கொடுப்பது நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது (2:271). மறைவாகக் கொடுப்பதை மேலான படியில் வைப்பதற்காக, வெளிப்படையாகக் கொடுப்பதைக் கீழே தள்ளிவிட வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்துவிட்டு, வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து பிளெக்ஸ் அடிக்கிறார்கள். இதையும் புகழ் என்று விட்டுவிடுவீர்களா?

விடமாட்டேன். இங்கே முதல் கேள்வி நேராகவே பொருந்துகிறது. விளம்பரம் கிடைத்தது நோட்டு கொடுத்தவருக்கு; அதற்கு முகத்தை விலையாகக் கொடுத்தது பிள்ளை. அந்தப் பிள்ளையின் தகப்பனார் சந்தையில் காய்கறி வாங்கும்போது அந்த பிளெக்ஸைக் கடந்துதான் போக வேண்டும். வகுப்பில் யார் யாருக்கு நோட்டு வாங்க வழியில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. கேட்டால் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் நின்றது என்பார்கள். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை சிரிக்காமல் இருக்கும்?

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் தன் கடைப் பெயரை நோட்டின் அட்டையில் அச்சடித்து ஊர்ப் பள்ளிக்கு முழுதும் கொடுத்தால் எனக்கு மறுப்பில்லை. வகுப்பில் எல்லாரிடமும் அதே நோட்டு இருக்கும். கடைக்கு நான்கு பேர் கூடுதலாக வந்தால் வரட்டும். எங்கள் விழாவிலும் உதவி பெற்றவர்களை மேடைக்கு அழைத்து நன்றி சொல்ல வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதை நிறுத்திவிட்டோம்.

பென்னிகுயிக் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்த்த வெள்ளைக்காரர்தானே? அவரை ஏன் சாமி மாதிரி கும்பிடுகிறார்கள்?

மேலூரில் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவரே இதைக் கேட்டார். கேள்வி நியாயமானது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவந்த திட்டம் அது. 1876-78 பஞ்சத்தின் கொடுமைக்குப் பிறகு வேகம் பெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை; 1895இல் தண்ணீர் திறப்பு. அதைக் கட்டிய பென்னிகுயிக் அரசுச் சம்பளத்தில் இருந்த பொறியாளர். சென்னை மாகாண அரசுக்கு நஞ்சை நிலம் பெருகினால் வரி பெருகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அவர்கள் இறங்கவில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் பாராட்டுகிறேன். காரணம் இரண்டாம் கேள்வி. காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்க்கிறவர் அந்த இடத்தில் ஓர் அறிக்கை எழுதிவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கலாம். சம்பளம் அங்கேயும் வரும். ஆதாயத்தால் விளக்க முடியாத அந்த மிச்சப் பிடிவாதத்துக்குத்தான் தேனிப் பக்கம் ஜனவரி 15, அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தன் சொத்தையெல்லாம் விற்று அணை கட்டினார் என்று ஒரு கதை ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை இருந்தால்தான் பாராட்டு நிற்கும் என்று நாம் நினைப்பதுதான் என் கவலை. நட்டப்பட்டிருந்தால்தான் நல்லவர் என்று வைத்துக்கொண்டால், நல்லவர்களுக்கெல்லாம் நட்டக் கதை தேட வேண்டிவரும். அடுத்தது, முதல் கேள்வி. அந்த அணைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் காட்டில் இறந்த கூலித் தொழிலாளர்கள். பென்னிகுயிக்கைப் பேசும் மேடையில் அவர்களைப் பேசாமல் இறங்குவது தவறு. எங்கள் விழாவில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம்.

அரவிந்த் மருத்துவமனையில் பணம் வாங்கிக்கொண்டு ஆபரேஷன் செய்கிறார்கள். அது சேவையா, தொழிலா?

இரண்டும். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய கண் மருத்துவமனை அது. பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த வருமானம் கொடுக்க முடியாதவர்களின் சிகிச்சையைத் தாங்குகிறது. கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களை அழைத்துப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே செய்யத் தொடங்கி, விலையைப் பல மடங்கு இறக்கினார்கள்.

யாருக்கு என்ன ஆதாயம் என்று பாருங்கள். அங்கே பயிற்சி பெறும் இளம் மருத்துவருக்கு வேறிடத்தில் எளிதில் கிடைக்காத அளவுக்கு அறுவை அனுபவம். கட்டணம் கொடுப்பவருக்கு, நாளெல்லாம் அதையே செய்து கை பழகியவரிடம் சிகிச்சை. நிறுவனத்துக்கு நிலைத்த வருமானம். விலை யார் கொடுத்தது என்று தேடினால், இலவசமாகப் பார்வை பெற்ற பாட்டியிடம் போய் அந்தக் கணக்கு நிற்கவில்லை. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் நன்கொடை வற்றிய ஆண்டில் முகாமும் வற்றியிருக்கும். ஆதாயமே சில சமயம் நற்செயலைத் தாங்கும் தூண் என்பதற்கு மதுரையிலேயே இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வரி விலக்குக்காக நன்கொடை கொடுக்கிறவர்களுக்குக் கொடுத்த பணம் முழுதும் திரும்ப வந்துவிடுகிறதாமே?

வராது. வருமான வரிச் சட்டப்படி பாதித் தொகைக்குக் கழிவு உள்ள ஓர் அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால், 5,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சமாவது 1,500 ரூபாயும் சொச்சமும். மீதி அவர் கையிலிருந்து போனதுதான். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தக் கழிவும் இல்லை.

பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் செலவிடுவது வேறு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்த கடமை அது. கடமையைச் செய்ததற்குப் பொன்னாடை தேவையில்லை. பணத்தைக் கொடுத்ததோடு நில்லாமல் அது சரியாகப் பயன்பட்டதா என்று திரும்பி வந்து பார்த்த அதிகாரி ஒருவர் இருந்தால், அவர் பெயரைக் கொடுங்கள்.

ரத்தம் கொடுத்தால் ஜூஸும் பிஸ்கட்டும் சான்றிதழும் தருகிறார்கள். பேசாமல் பணமே கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்களே, அண்ணே?

வருவார்கள், அதில்தான் ஆபத்து. பணத்துக்காக ரத்தம் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் அது தடை. பணம் தேவைப்படுகிறவர் தனக்கு மஞ்சள் காமாலை வந்ததையும் ஊசிப் பழக்கத்தையும் மறைப்பார். இடைவெளி விடாமல் மறுபடியும் வருவார். ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த ரத்தம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் யாருக்கோ ஏறும்.

எந்த ஆதாயமும் தீங்கில்லை என்று நான் சொல்வதாக நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில ஆதாயங்கள் செயலையே கெடுத்துவிடுகின்றன. பொய் சொல்லத் தூண்டும் ஆதாயம் அந்த வகை. ஜூஸுக்காக யாரும் நோயை மறைக்கமாட்டார்கள். உடலுறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்ததும் பொய்க்கு இடம் கொடுக்காத மரியாதைதான். துக்கத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு அது ஒரு துணை.

நான்குவழிச் சாலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு அரசு 5,000 ரூபாய் கொடுத்தது. பணத்தை வாங்கிய பிறகும் அவருக்குப் பாராட்டு தேவையா?

தேவை. விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்ப்பவர்களுக்கு ஒன்றிய அரசு 2021இல் அறிவித்த வெகுமதி அது. பிறகு 25,000 ஆக உயர்த்தப்பட்டது. சாலையில் ரத்தத்தில் கிடப்பவரைத் தூக்கப் பயந்ததற்குக் காரணம் கல்நெஞ்சம் என்று சொல்லமாட்டேன். போலீஸ், கோர்ட், சாட்சி, கூலி போகும் நாட்கள் என்ற பயம்தான். உதவுகிறவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டதும் அதற்காகத்தான். அந்த வெகுமதி இழந்த கூலிக்கும் பாழான சட்டைக்கும் ஈடு. தூக்கும்போது அவர் கையில் அந்தப் பணம் இல்லை. கிடைக்குமா என்பதும் தெரியாது. பின்னால் போனவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை நிறுத்தினார்.

நான் தான் என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டை எழுதி வாங்கத்தான் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். சில நாள் எனக்கே என் மனதின் மீது சந்தேகம் வருகிறது, ஐயா.

அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத்தான் அதிக நேரம் ஆயிற்று. வீடு கிடைக்கும் என்ற நினைப்பும் அவர் மேல் உள்ள அக்கறையும் உங்களுக்குள் கலந்தே இருக்கலாம். அவற்றைப் பிரித்து நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. உங்களாலும் முடியாது, பேசுகிற சொந்தக்காரர்களாலும் முடியாது. பார்க்க முடிந்ததைப் பார்ப்போம். படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கிறீர்களா? மருந்து வேளைக்குப் போகிறதா? யாரும் பார்க்காத இரவில் அவர் கூப்பிட்டால் எழுந்து போகிறீர்களா? இதற்கெல்லாம் ஆம் என்றால் உங்கள் மனதைப் பற்றிய விசாரணையைத் தள்ளிவையுங்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். சட்டமே இதை ஒரு பரிமாற்றமாக ஏற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காமல் விட்டால் ரத்து செய்யலாம் என்கிறது. வீட்டுக்காகப் பார்த்துக்கொள்வது கேவலமான ஏற்பாடு என்று சட்டம் நினைக்கவில்லை. வாங்கிக்கொண்டு கைவிடுவதைத்தான் தண்டிக்கிறது. எழுதுவதாக இருந்தால் அவர் தெளிவாக இருக்கும்போதே, உங்கள் கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும் தெரிய எழுதட்டும். பேச்சு பாதி அதிலேயே நிற்கும்.

எங்கள் தெருவில் வட்டிக்குக் கொடுக்கிற ஒருவர், நடுராத்திரியில் பிரசவத்துக்கு என்று கேட்டபோது உடனே கொடுத்தார். அவரைப் பாராட்டலாமா?

என்ன வட்டி என்று முதலில் சொல்லுங்கள். வங்கியில் வாங்குவதைப் போல நியாயமான வட்டி என்றால், அந்த நேரத்தில் கதவைத் திறந்ததற்கு நன்றி சொல்லலாம். பிறர் பொருளையும் தன் பொருள்போலக் கருதிச் செய்யும் வாணிகத்தைக் குறள் 120 மதிக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி என்றால் கடன் கேட்டவருடைய அவசரத்தையே சரக்காக்கியிருக்கிறார். 2003 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அவர் பெயர் போக வேண்டிய இடம் வேறு.

தேர்தல் வருகிற ஆண்டு மட்டும் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் வைக்கிறார்களே?

தாகத்துக்கு மோர் குடித்தவருக்குத் தாகம் தீர்ந்தது. அதை மறுக்க வேண்டாம். இரண்டாம் கேள்வியைக் கேளுங்கள். திறப்பு விழாவுக்குப் பதினைந்து நாள் கழித்து அந்தப் பானையில் தண்ணீர் இருக்கிறதா? தேர்தல் முடிந்த அடுத்த சித்திரையில் பந்தல் உண்டா? அழகர் வருகிற வழியில் தலைமுறை தலைமுறையாகப் பானகமும் விசிறியும் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் புண்ணியம் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் எந்த ஆண்டும் பானை காலியாக நிற்பதில்லை.

கல்லூரியில் கான்ட் பற்றிப் படித்தேன். ஆதாயத்துக்காகச் செய்த செயலுக்கு அறமதிப்பு இல்லை என்கிறாரே. நீங்கள் சொல்வது அவருக்கு எதிரானது அல்லவா, சார்?

ஜெர்மன் தத்துவ அறிஞரான அவர் 1785இல் எழுதிய நூலில் ஒரு மளிகைக்கடைக்காரரைக் காட்டுகிறார். சிறுவன் வந்து கேட்டாலும் சரியான விலைக்கே கொடுக்கிறார். நேர்மைக்குப் பெயர் எடுத்தால் வியாபாரம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. செயல் சரி, ஆனால் அறமதிப்பு இல்லை என்பது கான்ட்டின் முடிவு. நம்மிடம் இதற்கு நெருக்கமான குரல் உண்டு. வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு உதவும் என்று கொடுக்கிற "அறவிலை வணிகன்" அல்லன் அவன் என்கிறார் (புறநானூறு 134). சான்றோர் போன வழி அது என்பதற்காகவே கொடுத்தான் என்பது பாட்டு. புண்ணியக் கணக்கைக்கூட வணிகம் என்று சொல்லிவிட்ட கறார்.

ஆனால் இருவரும் மனத்தின் உச்ச அளவைச் சொல்கிறார்கள். ஒருவன் தன்னையே சோதித்துக்கொள்ள அதைவிடக் கூரிய அளவுகோல் இல்லை. நானும் அதை என்மீது வைத்துப் பார்க்கிறேன். அடுத்தவர்மீது வைக்கும்போதுதான் சிக்கல். அவர் உள்ளத்துக்குள் நாம் போக முடியாது. கான்ட்டே, முழுக்கக் கடமைக்காக மட்டும் செய்த ஒரு செயலையாவது உறுதியாகக் காட்ட முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஊர் பாராட்டுவது செயலை. உள்ளத்துக்குச் சான்றிதழ் தருவது ஊரின் வேலை இல்லை. அந்தக் கடைக்காரர் இருக்கும் தெருவில் சிறுவனைத் தைரியமாகக் கடைக்கு அனுப்ப முடிகிறது. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆதாயம் பார்த்தவரையும் பாராட்டினால், எதையும் எதிர்பாராமல் இழந்து செய்தவருக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. இருவருக்கும் ஒரே பாராட்டு என்று நான் சொல்லவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்தில் ஒரு பெண்மணி, மறைந்த மகளின் நினைவாக அரசுப் பள்ளிக்கு ஒன்றரை ஏக்கர் அளவு நிலத்தைக் கொடுத்தார். 2024 குடியரசு தினத்தில் முதலமைச்சர் அவருக்கு விருது வழங்கினார். மகளின் பெயர் நிலைக்கும் என்ற ஆறுதலை அவருக்குக் கிடைத்த ஆதாயம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த இழப்புக்கு முன் எழுந்து நிற்க வேண்டும்.

ஆனால் எழுந்து நிற்கவேண்டிய மனிதர்களுக்காக மட்டும் விழா நடத்தினால், பத்தாண்டுக்கு ஒரு முறைதான் நடத்த முடியும். ஊரின் அன்றாடம் நடப்பது அளவோடு செய்கிற, தன் வீட்டையும் பார்த்துக்கொள்கிற மனிதர்களால். குடும்பம் உள்ளவர் எல்லாவற்றையும் இழந்து செய்தால் அந்த விலையை அவர் மனைவியும் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள் என்பதும் முதல் கேள்விக்குள் வருகிறது. இழந்து செய்தால்தான் மரியாதை என்று ஒரு பையன் சிறுவயதிலேயே புரிந்துகொண்டால், தனக்கு முடியாது என்று விலகிவிடுவான்.

தன் கடை வாடிக்கையாளர்களுக்கு நிழல் வேண்டும் என்று ஒருவர் வேப்பமரம் வைத்தார். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் அதன் கீழே நிற்கிறார்கள். இதற்குமா?

மரத்துக்கு வேண்டாம், அவர் ஊரை நினைத்து வைக்கவில்லை. நிற்கிறவர்களை விரட்டாமல் ஒரு பெஞ்சும் ஒரு தண்ணீர்க் குடமும் வைத்தார் என்றால் அதற்கு உண்டு.

சரி, அடுத்த பொங்கலுக்கு நான் ஒரு பெயர் கொடுக்க நினைக்கிறேன். என்ன எழுதித் தர வேண்டும்?

ஒரு தாளில் எழுதினால் போதும். அவர் என்ன செய்தார், எத்தனை காலமாகச் செய்கிறார், யாருக்குப் பயன்பட்டது. முடிந்தால் பயன்பெற்றவர்களிடம் தனியாக விசாரித்து எழுதுங்கள். அவர்கள் பெயர் வேண்டாம். பிறகு, அவருக்கு அதில் கிடைத்த ஆதாயம் என்ன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். சம்பளமோ, வியாபாரமோ, நல்ல பெயரோ, வயலுக்கு மண்ணோ, எதுவானாலும் சரி. அந்த ஆதாயத்தால் யாருக்காவது கேடு வந்திருந்தால் அதையும்.

வாழ்த்து மடலிலும் அதைச் சேர்த்தே வாசிப்போம். "இவர் கண்மாயில் வண்டல் எடுத்தார், இவர் வயல் செழித்தது, கண்மாயும் ஆழமாயிற்று" என்று மேடையிலேயே சொல்லிவிட்டால், கீழே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்ல ஒன்றும் இருக்காது. மார்கழி பிறப்பதற்குள் தாள் எங்களிடம் வந்துவிட வேண்டும். விசாரிக்க நாள் வேண்டும்.